உண்டாட்டு என்றால் விருந்தா, குடியா?

குடிதான். கூடிக் குடித்துக் கும்மாளம் போடுவதற்கான பழைய பெயர் அது. ‘உண்டு’ என்பதைப் பார்த்துச் சோறு என்று நினைத்துவிடுகிறோம். பழந்தமிழில் கள்ளையும் ‘உண்ண’த்தான் செய்தார்கள், குறளின் 93-ஆம் அதிகாரமே ‘கள்ளுண்ணாமை’ தானே. பின்பகுதியான ‘ஆட்டு’, ஆடு என்ற வினையிலிருந்து வந்த பெயர்; விளையாட்டில் இருப்பதும் அதுவே.

தொல்காப்பியம், மாடு கவரும் போரைப் பாடும் வெட்சித் திணையின் 14 துறைகளில் (உட்பிரிவுகளில்) உண்டாட்டையும் சொல்கிறது. பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்து வந்து பங்கு போடுவது ‘பாதீடு’. அதை அடுத்து வருவது உண்டாட்டு: வென்ற மறவர்கள் கள் குடித்துக் கூத்தாடுவது. வேலை முடிந்த கையோடு பார்ட்டி, அவ்வளவுதான்!

கம்பரிடம் வரும்போது போர் வாடை போய்விடுகிறது. ராமனின் திருமணத்துக்காக மிதிலைக்குப் போகும் அயோத்தி மக்கள் வழியில் குடித்துக் களிப்பதை, பாலகாண்டத்தில் ‘உண்டாட்டுப் படலம்’ என்று தனிப் படலமாகவே பாடியிருக்கிறார். அதில் ஒருத்தி, கிண்ணத்துத் தேறலில் தெரியும் தன் நிழலையே இன்னொரு பெண் என்று நினைத்து, “தோழி, நீயும் என்னோடு சேர்ந்து குடி” என்கிறாள். போதையை இதைவிடக் குறும்பாகச் சொல்வது கஷ்டம்.

இப்போது சிலர் வெறும் விருந்து என்ற பொருளிலும் இந்தச் சொல்லை எழுதுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.