கிரவல் குழியும் மூன்று அந்தர் யூரியாவும்

கேள்வி: ஐயா, எங்கள் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியில் றோட்டு வேலைக்கென்று கிரவல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நாலு வருசமாகத் தேக்கு வைக்கிறேன், பசளையும் போடுகிறேன். கன்று முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. என்ன குறை?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, நானும் இதே பிழையை விட்டவன்தான். மாங்குளத்துப் பக்கம் ஒரு கிரவல் குழியில் தேக்கு வைத்து மூன்று அந்தர் (ஓர் அந்தர் ஏறத்தாழ 50 கிலோ) யூரியா எறிந்தேன். கார்த்திகை மழை கொட்டியது. அந்த மாதம் முடியுமுன் இலையெல்லாம் பழையபடி மஞ்சள். பசளையைப் பிடித்துவைக்கச் சரளையில் உக்கல் இல்லை.

பெக்கோ முதலில் வழித்தெடுத்த அந்த ஒரு சாண் கறுத்த மண்ணில்தான் உங்கள் நைதரசனில் பெரும்பங்கு இருந்தது. இலை விழுந்து, உக்கி, வேருக்குப் போய், திரும்ப இலையாகும் சுற்று அதோடு அறுந்துபோனது. இங்கிலாந்தின் கோர்ன்வோலில் வெள்ளைக்களி தோண்டிய கழிவுமேடுகளை ஆராய்ந்த சூழலியலாளர் பிராட்சோ, செடிகொடி தானாக நின்றுபிடிக்க ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 1000 கிலோ நைதரசன் மண்ணில் சேரவேண்டும் என்று கணக்குப் பார்த்தார். ஏக்கருக்கு 400 கிலோ. யூரியாவில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் நைதரசன் என்பதால், அது பதினேழு அந்தர் யூரியாவுக்கு மேல்! எங்கள் வெக்கையில் குப்பை சுறுக்காக உக்குவதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் மூட்டையால் நிரப்பக்கூடிய பள்ளமில்லை இது.

தேக்கை இப்போதைக்கு மறவுங்கள். டிப்பர் ஓடி இறுகிய தரையை மழைக்கு முன் ஆழக் கிளறுங்கள். கோடையில் யாராவது மாட்டுப்பட்டி அடைக்கச் சம்மதித்தால் விடாதீர்கள். முதல் மழையோடு சணல் (பசுந்தாள் பசளைக்கான சணப்பு) விதைத்து, கரையோரம் கிளிசரியாத் தடி நடுங்கள். இரண்டும் அவரைக் குடும்பம்; வேர்முடிச்சிலுள்ள கிருமியின் உதவியோடு காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும். வெட்டாத வரம்போரத்து மண்ணில் நாலு கடகம் அள்ளித் தூவினால் அந்த வேர்முடிச்சுக் கிருமியும் வேருக்கு உதவும் பூஞ்சணமும் அதோடு வந்துசேரும்.

ஆறு கிழமையில் ஒரு சணலை மெல்லக் கிண்டி எடுத்து, வேரிலுள்ள முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பென்றால் வேலை நடக்கிறது. வெளிறிக் கிடந்தால் இன்னும் கொஞ்சம் வரம்பு மண் போடுங்கள். பூக்கிற பருவத்தில் சணலை மடக்கி உழுதுவிடுங்கள். இரண்டு மூன்று மாரிக்கு இதையே செய்யவேண்டி வரும்.

கேள்வி: குழிக்குள் ஆவரசு தானாக முளைக்கிறதே, அதுவும் அவரைக் குடும்பம்தானே?
– அதே வாசகி

பதில்: குடும்பம் சரி, ஆனால் ஆவரசு வேரில் முடிச்சு வராது. பிடுங்க வேண்டாம். நிழலும் சருகும் தரும், தேத்தண்ணிக்குப் பூவும் கிடைக்கும்.