கதிர்வீச்சைக் கட்டுப்படுத்துவது யார்? கேள்வி பதில்

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: சார், எக்ஸ்ரே மெஷின், அணு உலை, செல்போன் டவர் எல்லாமே ஒரே அரசு அமைப்பின் கீழா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அணு உலைகளும் கதிரியக்கப் பொருள்களும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம். எக்ஸ்ரே மெஷின் அதன் கையில் இல்லை. தயாரிப்புத் தரத்தை உணவு மருந்து நிர்வாகமும், பயன்பாட்டை மாநிலங்களும் பார்க்கின்றன. செல்போன் டவர் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பாடு. எக்ஸ்ரேயை ஆஃப் செய்தால் கதிர் நின்றுவிடும். கோபால்ட்-60 போன்ற கதிரியக்கப் பொருளுக்கு சுவிட்ச் கிடையாது.

கேள்வி: சர்வதேச அணுசக்தி முகமைதான் எல்லோருக்கும் மேலதிகாரியா?

இல்லை. 1957இல் தொடங்கிய அந்த முகமை பாதுகாப்புத் தரநிலைகளை வகுக்கும். ஒரு நாடு கேட்டால் நிபுணர் குழுவை அனுப்பும். ஒரு மருத்துவமனையின் லைசென்ஸை ரத்து செய்ய அதற்கு அதிகாரமில்லை.

கேள்வி: அணுமின்சாரத்தை வளர்க்கும் துறையே அதைக் கண்காணிக்கலாமா?

கூடாது. அமெரிக்கா 1974இல் சட்டம் போட்டு இரண்டையும் பிரித்தது. ஜப்பானில் பாதுகாப்பு முகமை, அணுமின்சாரத்தை ஊக்குவித்த அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. 2011இல் ஃபுகுஷிமா வெடித்த பிறகுதான், 2012இல் தனி ஆணையம் வந்தது. சட்டப்புத்தகத்தை விடுங்கள். கண்காணிப்பவரின் பட்ஜெட்டும் பதவி உயர்வும் யார் கையில் என்று பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும்.

கேள்வி: உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டோஸ் பேட்ஜ் போட்டு வேலை செய்கிறேன். வரம்பு எவ்வளவு?

பல நாடுகள் பின்பற்றுவது: ஊழியருக்கு 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு 1. நோயாளிக்கு வரம்பே இல்லை. அந்தப் பரிசோதனை தேவைதானா என்பதே அங்கே கேள்வி.

கேள்வி: இவ்வளவு அமைப்புகள் இருந்தும் விபத்து எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் உலையில் அல்ல, மறந்துபோன பெட்டியில். 1987, பிரேசிலின் கோயானியா. ஒரு கிளினிக் இடம் மாறியது. சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த சிகிச்சைக் கருவி பழைய கட்டடத்திலேயே கிடந்தது. அந்நாட்டு அணுசக்தி ஆணையத்துக்குத் தகவல் போகவில்லை. பழைய இரும்பென்று எடுத்துப்போய் உடைத்தவர்களுக்கு உள்ளே என்ன என்று தெரியாது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடியைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு வைத்தார்கள். 4 பேர் இறந்தார்கள். சுமார் 1,12,000 பேரைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

அதனால்தான் ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பதிவேட்டைக் கேட்கிறார்: எந்த சோர்ஸ் (கதிர் வீசும் பொருள்), சீரியல் எண் என்ன, இப்போது எந்த அறையில்? பிறகு பூட்டைத் திறந்து காட்டச் சொல்வார். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் கொடுத்தால் ரீடிங்கைப் பார்ப்பதற்கு முன் அளவுத்திருத்த ஸ்டிக்கரின் தேதியைப் பார்ப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். கேட்கட்டும்.

கேள்வி: புகை கண்டறியும் கருவியில் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறதாமே, வீட்டில் வைக்க லைசென்ஸ் வேண்டுமா?

பல நாடுகளில் வேண்டாம், தயாரிப்பவருக்குத்தான் வேண்டும். பிரித்து மட்டும் பார்க்காதீர்கள்.

கேள்வி: கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ் சின்னம் போட்ட பெட்டி குப்பையில் கிடந்தால்?

தொடாதீர்கள், திறக்காதீர்கள். விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, காவல்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லுங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தை அவர்கள் அழைப்பார்கள். சிவப்புப் பின்னணியில் மண்டையோடும் ஓடும் மனிதனும் தெரிந்தால் இன்னும் வேகமாக விலகுங்கள். 2007இல் வந்த அந்தச் சின்னத்தைக் கருவிக்கு உள்ளே, சோர்ஸுக்குப் பக்கத்தில்தான் ஒட்டுவார்கள். அது கண்ணில் படுகிறதென்றால் யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள்.