காவிரிக்கரைக் கோயில் சுற்றுலா: ஒற்றியூர் அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தை மாதத்தில் திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து புறப்படவிருக்கும் மூன்று நாள் கோயில் சுற்றுலாவை முன்னிட்டு அன்பர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு, வழிகாட்டியாக வரும் நான் பதில் எழுதுகிறேன். கட்டணம், இருக்கை, அறை ஆகியவை அமைப்பாளரின் பொறுப்பு என்பதால் அவற்றை என்னிடம் கேட்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை அன்பர்: கோயில்களையும் பார்க்க வேண்டும், ஆற்றில் தண்ணீரும் ஓட வேண்டும் என்றால் எந்த மாதம் ஏற்றது?

மேட்டூர் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டில் ஜூன் 12ஆம் நாள் பாசனத்துக்குத் திறந்து, ஜனவரி 28ஆம் நாள் மூடுவது வழக்கம். நீர் குறைந்த ஆண்டில் திறப்பு தள்ளிப்போகும். சித்திரையிலும் வைகாசியிலும் போனால் கும்பகோணத்துப் படித்துறைகளில் நின்று மணலைத்தான் பார்ப்பீர்கள். ஆடிப்பெருக்கின்போது நீர் இருக்கும், ஆனால் கூட்டமும் இருக்கும். ஐப்பசியில் மாயூரத்துத் துலாக்கட்டத்தில் நீராடுவது சிறப்பு என்றாலும் அது அடைமழைக் காலம். ஆகவே வெயில் தணிந்து, மழை ஓய்ந்து, ஆற்றிலும் ஓட்டம் இருக்கும் தை முதல் இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுத்தோம்.

நீர் இருக்கிறது என்பதற்காகக் கொள்ளிடத்தில் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. படித்துறை உள்ள இடத்தில், உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படியில் மட்டும் கால் நனைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணாரப்பேட்டை அன்பர்: நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். கும்பகோணத்திலிருந்து அதற்கென்றே அரசுப் பேருந்து விடுகிறார்கள். ஆனால் திங்களூர் திருவையாற்றின் பக்கம் மேற்கே இருக்கிறது. திருநள்ளாறும் கீழப்பெரும்பள்ளமும் கிழக்கே கடற்கரையை ஒட்டி இருக்கின்றன. ஆலங்குடி தெற்கே இருக்கிறது. இடையில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே காலையில் பாதியையும் மாலையில் மீதியையும் ஓட்டமாக ஓடி முடிக்க வேண்டியிருக்கும்.

இப்படி ஓடுவதில் எதை இழக்கிறோம் என்பதே என் கவலை. சூரியனார்கோயில் தவிர மற்றவை அனைத்தும் அடிப்படையில் சிவாலயங்கள். கிரகத்துக்குரிய சந்நிதி அவற்றின் ஒரு பகுதியே. திருவெண்காட்டில் புதன் சந்நிதியில் அர்ச்சனை முடித்தவுடன் வண்டியேறுபவர்கள், அங்குள்ள அகோரமூர்த்தியையும் மூன்று திருக்குளங்களையும் பார்ப்பதில்லை. திங்களூர் அப்பூதியடிகளின் ஊர். நாவுக்கரசரை நேரில் காணும் முன்பே தம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரை வைத்தவர் அப்பூதியார். நாவுக்கரசர் வீட்டுக்கு வந்த நாளில், விருந்துக்கு வாழையிலை அரியப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. அடியார் உண்ணாமல் போய்விடுவாரோ என்று பெற்றோர் அந்தச் சாவையே மறைத்தார்கள். இந்தக் கதையைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைத் தராத வேனில் ஏறி ஒன்பது தலங்களைப் பார்த்தாலும், பார்த்தது ஒன்பது வரிசைகளைத்தான். எனவே நம் பயணத்தில் ஒரு நாளைக்கு மூன்று கோயில்களுக்கு மேல் வைக்கவில்லை.

வியாசர்பாடி அன்பர்: எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது. எந்தத் தலத்தில் என்ன பரிகாரம் செய்ய வேண்டும்?

உங்கள் குடும்ப ஜோதிடரைக் கேளுங்கள்.

காலடிப்பேட்டை அம்மையார்: நம் ஊரிலேயே தியாகராசர் வீற்றிருக்க, அவரைப் பார்க்கத் திருவாரூர் வரை ஏன் போக வேண்டும்?

அம்மா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கங்களை எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம்.

திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், தல யாத்திரையாக ஒற்றியூருக்கு வந்தார். கோயிலில் மாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு, அவரை மணம் முடித்துத் தரும்படி இறைவனிடமே வேண்டினார். ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்தால் மணப்பேன் என்றார் சங்கிலியார். சந்நிதியில் சத்தியம் செய்தால் பின்னர் மீற முடியாதே என்று எண்ணிய சுந்தரர், அந்த நேரம் மட்டும் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு இறைவனைக் கேட்டுக்கொண்டார். இறைவனோ, மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்குச் சொல்லிவைத்தார். நம் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் மகிழடி சேவை இதைக் குறிப்பதுதான். திருவிழாக் கூட்டத்தில் பலூனும் வளையலும் வாங்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு வசந்தம் வந்தது. திருவாரூர்த் திருவிழா நினைவுக்கு வந்தது. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டியவுடன் இரு கண்களும் பார்வை இழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. அந்தக் கோயில் பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது இடம் மாற்றிக் கட்டப்பட்டது. காஞ்சியில் இடக்கண்ணும், முடிவில் திருவாரூரில் வலக்கண்ணும் பார்வை பெற்றன. ஆகவே தேரடியில் வண்டியேறித் திருவாரூரில் இறங்குபவர், கண் தெரியாத ஒருவர் தடுமாறித் தடுமாறிப் போய்ச் சேர்ந்த ஊருக்குத்தான் போகிறார். அங்கே ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி’ என்று சொல்லும் கமலாலயக் கரையில் நின்று பாருங்கள். அவர் ஏன் நம் ஊரில் தங்கவில்லை என்பது ஓரளவு புரியும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. நம் கோயிலில் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும் கருவறை விமானம், முதலாம் இராசேந்திரன் காலத்தில் கல்லால் எடுக்கப்பட்டது. அதே அரசன் எடுப்பித்த கங்கைகொண்டசோழபுரத்து விமானத்தை இரண்டாம் நாளில் பார்ப்போம். புறப்படும் முன் ஒரு மாலை, ஒற்றியூர்ப் பிராகாரத்தைப் பின்புறமாகச் சுற்றி வந்து அந்தக் கல் வளைவை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டும் நம் கோயில் மூலவர் படம்பக்கநாதர் கவசமின்றிக் காட்சி தருவதைப் பார்க்க வரிசையில் நிற்கும் நாம், வெளிச் சுவரை ஆண்டு முழுவதும் பார்க்காமலே இருக்கிறோம்.

ராயபுரம் அன்பர்: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, அதை எந்த நேரத்தில் பார்ப்பது சிறந்தது?

விழும். காலையில் மேற்குத் திருச்சுற்றில் பாருங்கள்.

மூலக்கொத்தளம் அன்பர் மறுப்பு: நான் குடும்பத்தோடு போனபோது வழிகாட்டி காட்டினார், நிழல் விழவில்லை. கண்ணால் கண்டதை ஒரே வரியில் மறுப்பது சரியல்ல.

சரி, விரிவாகவே எழுதுகிறேன். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. அடித்தளம் ஏறத்தாழ 100 அடிச் சதுரம். மேலே போகப் போகக் குறுகும் வடிவம் ஆகையால், உச்சியின் நிழல் நடுவிலிருந்து ஐம்பது அடியைத் தாண்டினால்தான் தரைக்கு வரும். பங்குனி முதல் புரட்டாசி முற்பகுதி வரை நண்பகலில் சூரியன் தஞ்சைக்கு நேர்மேலே அல்லது அதை ஒட்டி இருப்பதால், அந்த நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சித்திரை முற்பகுதியிலும் ஆவணி முற்பகுதியிலும் ஓரிரு நாள் நண்பகலில் தெருவிளக்குக் கம்பத்துக்குக்கூட அங்கே நிழல் இருக்காது. நீங்கள் பள்ளி விடுமுறையில், உச்சி வெயிலில், நடை சாத்தும் நேரத்தில் போயிருப்பீர்கள். மார்கழி நண்பகலில் போனால் உச்சியின் நிழல் வடபுறத்தில் அடித்தளத்தைத் தாண்டி 90 அடிக்கும் அப்பால் கிடக்கும். மாலையில் அது கிழக்கே நந்தியின் பக்கம் நீளும்.

எண்ணூர் அன்பர்: அப்படியானால் உச்சியிலுள்ள 80 டன் ஒற்றைக் கல்?

உச்சிச் சிகரம் ஒரே கல் அல்ல, பல கற்களை இணைத்து அமைத்தது என்று கோயிலை ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய நந்தியும் இராசராசன் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்ற கதையையும் இப்போதே சேர்த்துத் தள்ளிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மூலக்கொத்தளம் அன்பர் மீண்டும்: இவ்வாறு ஒவ்வொன்றாக மறுத்தால் சோழர்களின் பெருமை என்ன ஆவது?

பெருமை இந்தக் கதைகளில் இல்லை, ஐயா. 1010இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கல்வெட்டுகளில், அரசன் தான் கொடுத்ததையும், தன் அக்கன் கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், பிறர் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறான். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், அவர்களுடைய வீடு எந்தத் தெருவில், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில் என்பதும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற பங்கும் அதில் உள்ளன. அரசன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடல் மகளிரின் வீட்டு வரிசையைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். நாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிழலைத் தேடுகிறோம். விமானத்தின் மேல் தளத்தில் 108 கரணங்களில், அதாவது நடன நிலைகளில், 81 மட்டும் செதுக்கப்பட்டு, மீதிக்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. உள் சுற்றிலுள்ள சோழர் கால ஓவியங்களில் நம் சுந்தரரின் கதையே தீட்டப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் பொதுமக்களை விடுவதில்லை. ஆயினும் கல்வெட்டு எழுத்துகள் உங்கள் முழங்கை உயரத்திலேயே உள்ளன. அரை மணி நேரம் அங்கே நிற்போம். நிழல் விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்; வேனில் யாரும் மீண்டும் தொடங்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை அன்பர்: என் தாயாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அழைத்து வரலாமா?

தாராளமாக அழைத்து வாருங்கள். சுவாமிமலையில் அறுபது படிகள். மெதுவாக ஏறலாம், இயலாவிட்டால் கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதியில் அமர்ந்திருக்கலாம். திருச்சி உச்சிப் பிள்ளையாருக்கு நானூறுக்கு மேற்பட்ட படிகள் என்பதால் அதை நான் சேர்க்கவேயில்லை. படிகளைவிட அவரை வருத்தப்போவது சுடுகல். பத்து மணிக்கு மேல் திறந்தவெளிப் பிராகாரத்தில் வெறுங்காலுடன் நடக்க வைக்காதீர்கள். தாராசுரத்தை அவருக்காகவே காலை ஏழு மணிக்கு வைத்திருக்கிறேன். அங்கே கருவறைச் சுவரின் அடியில் அறுபத்து மூவர் வரலாறு சாண் உயரச் சிற்பங்களாக ஓடுகிறது. தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சிற்பங்கள் அவை.

புதுவண்ணாரப்பேட்டை அன்பர்: நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் முடிக்க வழி உண்டா?

மேலே இரண்டாம் கேள்வி.

மணலி அன்பர்: மதியம் கோயில் மூடியிருக்கும் நேரத்தில் என்ன செய்வது?

சாப்பிட்டுவிட்டுக் கல்லணைக்குப் போவோம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரிவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். வெள்ளம் மிகுந்தால் உபரியைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டு வயல்களைக் காப்பதே அந்த அமைப்பின் சூட்சுமம். புழல் ஏரித் தண்ணீரையும் மீஞ்சூரில் சுத்திகரித்த கடல்நீரையும் குடித்து வளரும் நம் வடசென்னைப் பிள்ளைகளுக்கு, ஓர் ஆற்றைப் பங்கு போடுவது எப்படி என்று காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. அங்கேயும் கொள்ளிடப் பக்கம் இறங்கக் கூடாது. மதகு எப்போது திறப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது.

தேரடி இளைஞர்: ரீல்ஸ் எடுக்கலாமா?

தம்பி, கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒவ்வொரு கோயிலிலும் நடைமுறை சற்று மாறும். எங்கே வைக்கச் சொல்கிறார்களோ அங்கே வைத்துவிட்டு வா. ஆற்று மணலில் எடுக்கலாம் என்று யோசிப்பாய். கொள்ளிடத்தைப் பற்றி மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

தண்டையார்பேட்டை வேறோர் அன்பர்: திருநள்ளாற்றை மட்டுமாவது சேர்க்க முடியாதா?

காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. வேனுக்கு அதற்கான அனுமதி எடுக்க வேண்டும், அமைப்பாளர் எடுக்கவில்லை. சனிக்கிழமையில் வேண்டவே வேண்டாம்.

திருவொற்றியூர் அம்மையார்: கும்பகோணத்தில் நல்ல காபி எங்கே கிடைக்கும்?

எனக்குச் சர்க்கரை நோய். ஓட்டுநரைக் கேளுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும்.

ராயபுரம் அம்மையார்: இந்த முறை வர இயலவில்லை. அடுத்த மகாமகத்துக்கே போய்விடலாமா?

சென்ற மகாமகம் 2016இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2028 மாசியில் வரும். 1992இல் கும்பகோணத்து மகாமகக் குளக்கரையில் ஏற்பட்ட நெரிசலில் பலர் உயிரிழந்ததை மறக்க வேண்டாம். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் நீராட்டு நாளன்று அழைத்துப் போகாதீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்போ பின்போ போனால், குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களையும் நிதானமாகச் சுற்றி வரலாம். அந்த ஆண்டு விடுதி அறைகளுக்குப் பல மாதங்கள் முன்பே சொல்லி வைக்க வேண்டியிருக்கும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் 2027 ஆடிக்குள் அமைப்பாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.