தேரி மணலில் பழகிவிட்டுப் போங்கள்

கேள்வி: அண்ணன் பெர்த்தில் இருக்கிறார். அவருடைய பைக்கில் ஆஸ்திரேலியாவின் கிரேட் சென்ட்ரல் ரோடு வழியாக, லேவர்ட்டனிலிருந்து உலுரு பாறை வரை தனியாகப் போக ஆசை. மாஞ்சோலைக்குப் பலமுறை ஓட்டியிருக்கிறேன். அது போதுமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: போதாது, தம்பி. மாஞ்சோலையில் கல்லும் வளைவும் சோதிக்கும். அங்கே சோதிப்பது மணல்.

சில ஆண்டுகளுக்கு முன் மருமகனின் பைக்கில் அந்தச் சாலையில் போனேன். ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். நான் போனபோது பெரும்பகுதி செம்மண். இரண்டாம் நாள் காலை, நடுச்சாலையில் மணல் திட்டு. பயத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன். முன்சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தது. 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை. பெட்டிகளைக் கழற்றி வைத்த பிறகுதான் தூக்க முடிந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தபோது மண்ணைப் பார்த்தேன். அப்படியே நம் இட்டமொழித் தேரியின், அந்தச் செம்மணல் மேட்டின் நிறம்! இரண்டுக்கும் சிவப்பு இரும்புத் துருவால் வந்தது. பனைகளுக்கு நடுவே மாமாவின் மொபெட்டில் சிறுவயதில் கற்ற பாடத்தை அந்த ஒரு நொடியில் மறந்துபோனேன்.

அதனால் முதலில் தேரிக்குப் போங்கள். இரண்டு மாதம், வாரம் ஒருநாள், வெயில் ஏறுமுன். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, உடல் எடையைப் பின்னால் வைத்து, பார்வையைத் தொலைவில் நிறுத்துங்கள். வண்டி ஆடும், ஆடட்டும். ஆக்சிலேட்டரை மட்டும் விடாதீர்கள். பிறகு வண்டியைப் படுக்கவைத்து, தனியாகத் தூக்கிப் பழகுங்கள். இதைச் செய்யாமல் விமானம் ஏற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

லேவர்ட்டனை விட்டால் அடுத்த பெட்ரோல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, ஜுகாயிர்லா விடுதியில். மணலில் வண்டி கூடுதலாகக் குடிக்கும். 400 கிலோமீட்டருக்கான பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓப்பல் என்ற பெட்ரோலை ஊற்றுவார்கள். பெட்ரோலை முகர்ந்து போதையாகும் பழக்கத்தைத் தடுக்கவே அதைக் கொண்டுவந்தார்கள். எஞ்சினுக்குக் கேடில்லை.

சாலை பழங்குடி மக்களின் நிலத்தில் போகிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கும் வடக்குப் பிரதேசப் பகுதிக்கும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை போகலாம். பொழுது சாயும் முன்பே கூடாரம் அடித்துவிடுங்கள். கங்காருவும் ஒட்டகமும் குறுக்கே வரும். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கிடைக்கும்.

கேள்வி: என் மகனும் இப்படித்தான் அந்த ஊர்க் காட்டுச் சாலையில் தனியாகப் போகிறான். செல்போன் எடுக்காதாமே? கருப்பட்டியும் முறுக்கும் கொடுத்து அனுப்பலாமா?
– ஒரு தாய், களக்காடு

பதில்: ஆமாம் அம்மா, ஊர்களுக்கு இடையில் எடுக்காது. பிஎல்பி என்ற சிறு கருவியை வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கான்பெராவிலுள்ள மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். பெட்டியில் வைக்காமல், உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் விழக்கூடும்.

தின்பண்டம் கொடுங்கள். ஆனால் விமானத்தில் தரும் அட்டையில் எல்லாவற்றையும் எழுதி, அதிகாரியிடம் காட்ட வேண்டும். எடுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும். மறைத்தால் அபராதம். மகன் தேரியில் பழகியிருந்தால், பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி அனுப்புங்கள். அதையும் பார்ப்பார்கள்.