மெர்க்ஸ் எப்போது நிறுத்தியிருக்க வேண்டும்?

வணக்கம்.

என் தம்பி ஏழு வருடமாகச் சாலை சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொள்கிறான். கடைசி இரண்டு வருடம் முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை. நிறுத்து என்றால் கேட்பதில்லை. பெல்ஜிய சைக்கிள் வீரர் எட்டி மெர்க்ஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. 1974-லேயே விலகியிருந்தால் அவர் பெயர் இன்னும் உயர்ந்து நின்றிருக்குமே? பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ 32 வயதில் நிறுத்துவேன் என்று சொல்லி, சொன்னபடியே நிறுத்தினார். அதுதானே அழகு? இதைத் தம்பிக்கு எப்படிப் புரியவைப்பது? இன்னொன்று: மெர்க்ஸ் பெரியவரா, இன்றைய பொகாச்சர் பெரியவரா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளி வைத்துவிடுகிறேன். சாலை, வண்டி, பயிற்சி எல்லாமே மாறிப்போன இரண்டு காலங்களை ஒரே தராசில் நிறுத்துவதில் எனக்கு ஆர்வமில்லை.

ஆனால் 'உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட வேண்டும்' என்கிற பேச்சு, உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சில நாட்களாக மனதை அரித்துக்கொண்டிருந்தது. இருபது வயதில் நானும் அதைச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது கேட்டாலே கோபம் வருகிறது.

உச்சம் எது என்று அன்றைக்கே யாருக்குத் தெரியும்? 1969-இல் மெர்க்ஸ் முதல் தடவையாக, பிரான்ஸைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இறங்கினார். வயது 24. எட்டு நிமிட முன்னிலை கையில் இருந்தும், பிரனீஸ் மலைகளில் தனியாகப் பிரிந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓட்டினார். பாரிஸில் இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி 17 நிமிடம் 54 விநாடி. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 9 அன்று ப்ளுவா நகரத்தில், சிறிய மோட்டார் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டும் பந்தயம் ஒன்றில் விபத்து. மெர்க்ஸுக்கு முன்னால் அந்த மோட்டார் வண்டியை ஓட்டிய ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் இறந்துபோனார். மெர்க்ஸ் நினைவில்லாமல் கிடந்தார். முதுகெலும்பில் விரிசல், இடுப்பு திருகிக்கொண்டது.

அதன் பிறகு மலை ஏறும்போது பழைய உடம்பு தனக்குத் திரும்பவேயில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பந்தயத்தின் நடுவிலேயே ஸ்பேனரை எடுப்பார். சீட்டைத் தளர்த்துவார், கொஞ்சம் ஏற்றுவார், இறுக்குவார். சிறிது தூரம் போனதும் மறுபடி இறக்குவார். எந்த உயரத்தில் வைத்தாலும் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். ஐந்து டூர் வெற்றிகளில் நான்கு அந்த விபத்துக்குப் பின்னால் வந்தவை. இத்தாலியைச் சுற்றி நடக்கும் ஜிரோ பந்தயத்தின் ஐந்து வெற்றிகளிலும் நான்கு. 1972-இல் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிய சாதனை, 1974-இல் ஒரே ஆண்டில் ஜிரோ, டூர், உலகப் பட்டம் மூன்றும், எல்லாமே ப்ளுவாவுக்குப் பிறகுதான். உங்கள் விதிப்படி அவர் 1969 இலையுதிர் காலத்திலேயே, 24 வயதில், வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 525 வெற்றிகள் என்று இன்று சொல்கிறோமே, அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

1974 என்கிறீர்கள். சரி, அதையே வைத்துக்கொள்வோம். 1975 வசந்தத்தில் உலகச் சாம்பியனின் வானவில் சட்டையோடு மிலான்–சான் ரெமோ, ஃபிளாண்டர்ஸ், லியேஜ் என்ற மூன்று பெரிய ஒருநாள் பந்தயங்களையும் வென்றார். அதை அழித்துவிடலாமா? அப்புறம் அந்த ஆண்டின் டூர். என் மனதை மாற்றியது அதுதான். ப்வீ டி டோம் ஏற்றத்தில், உச்சி நெருங்கும் நேரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவன் அவர் விலாவில் குத்தினான். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு ஏறி முடித்தார். இரண்டு நாள் கழித்து ப்ரா லூ மலையேற்றத்தில், முடிவுக்கோட்டுக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது கால்கள் நின்றுவிட்டன. பிரெஞ்சு வீரர் தெவனே அவரைக் கடந்து போனார். முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை போயிற்று. அதன் பிறகும் ஒரு தடவை விழுந்து கன்ன எலும்பு உடைந்தது. விலகிவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. மெல்ல முடியாது, நீராகாரம்தான். பாரிஸ் வரை ஓட்டினார். இரண்டாவது இடம், 2 நிமிடம் 47 விநாடி பின்னால். அவர் விலகியிருந்தால் சக வீரர்களின் பரிசுப் பங்கும் போயிருக்கும். அப்படி ஓட்டியது தவறு, அது தன் ஆட்டக்காலத்தைக் குறைத்துவிட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தவறைச் செய்கிற உரிமை அவருடையது. நமக்கு ஒரு அழகான படம் வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் தன் வேலையை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டுமா? அப்படிக் கேட்பதற்கு நாம் யார்?

இனோவை நானும் மதிக்கிறேன். ஆனால் அவரை உங்கள் பக்கத்து சாட்சியாக அழைக்காதீர்கள். 1986-இல், கடைசி டூரில், மூன்று நாட்களின் ஓட்டங்களை வென்று, மொத்தத்தில் இரண்டாவதாக வந்தவர் அவர். அடுத்து என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டனி பகுதியில் பண்ணையும் மாடுகளும் இருந்தன. மெர்க்ஸுக்கு அப்போது சைக்கிள் மட்டும்தான். 1977 டூரில் ஆறாவது இடம். 1978 மார்ச் 19-இல் பெல்ஜியத்தின் கெம்ஸேக்கேயில் கடைசிப் பந்தயம். மே 18-இல் விலகலை அறிவித்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1980-இல், சைக்கிள் தொழிற்சாலை தொடங்கினார். மறுபடி சைக்கிள்தான்.

உங்கள் தம்பிக்கு வருவோம். இரண்டு வருடமாக எத்தனையாவதாக வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் இன்னும் ஓட்டுகிறார் என்று எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அக்காவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இது கொஞ்சம் கொடுமை, அம்மா. அவர் சீட்டை எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.