ஒரு கூரையில் தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

பி.ஆர்க் முடித்து ஏழு வருடம் ஆகிறது. சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்கு வரைபடம் போடுகிறேன். ஒரே வீட்டை நூறு தடவை வரைந்த மாதிரி இருக்கிறது. மண், சுண்ணாம்பு என்று மாற்றுக் கட்டடக்கலைக்குப் போக ஆசை. வேலையை விட்டுவிடலாமா? முதலில் மேற்படிப்பா?

ம.

அன்புள்ள ம,

வேலையை இப்போது விடாதீர்கள். படிப்பும் அப்புறம் இருக்கட்டும். மாற்றுக் கட்டடக்கலை வேண்டும் என்று உங்களைத் தேடி வருபவர்கள் குறைவு. கூரை ஒழுகினால் வருவார்கள். அதனால் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய சுண்ணாம்புக் கூரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ பழைய வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதிப்பார்கள்.

இது ஒழுகினால் இன்று சிமென்ட் பூசுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிப் பூசச் சொன்னேன். சுண்ணாம்பில் இறங்கிய ஈரம் வெயிலில் வெளியேறிவிடும். சிமென்டோ விரிசல் வழியே தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு, காயவும் விடாது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால், சுவருக்குள் இருந்த தேக்கு முனைகள் உளுத்துப்போயிருந்தன. வீட்டையே இடித்தார்கள். அந்தத் தெரு வழியாகப் போக இன்னமும் எனக்கு மனம் வராது.

மண்வேலைக்கு ஆரோவில்லின் மண் கட்டுமான நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு, போய் வாருங்கள். சுண்ணாம்பு மட்டும் கொத்தனார் பக்கத்தில் நின்றால்தான் வரும். கலவை பதமா என்று அவர் கரண்டியில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சித்தாளாகப் போங்கள், கூச்சப்படாதீர்கள். அவருக்குத் தெரிந்ததை யாரும் வரைந்து வைக்கவில்லை. ஏழு வருடம் வரைந்த உங்கள் கை அங்கே வேண்டும். கட்டை எத்தனை, இடைவெளி என்ன, எது உளுத்தது என்று ஒவ்வொரு கூரையையும் அளந்து வரையுங்கள். அந்த ஆய்வுக்கே கூலி கேளுங்கள். வீட்டை இடிக்கலாமா என்று தவிப்பவர்கள் தருவார்கள். மாதம் ஒரு வீடு என்று ஆனபிறகு ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம்.

ஐப்பசி மழை வரப்போகிறது. மழை விட்ட மறுநாள் தெரிந்தவர் வீட்டுப் பழைய மாடியில் ஏறி, ஈரம் காயாத இடத்தைக் குறித்து வரைந்து எனக்கு அனுப்புங்கள்.