வாசகர் கேள்வி பதில்: சைக்கிள் என்ஜினில் ஸ்பார்க் போனால்

கேள்வி: சைக்கிளில் 2 ஸ்ட்ரோக் என்ஜின் கிட் மாட்டியிருக்கிறேன். மழையில் நனைந்த மறுநாளிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது, ஸ்பார்க் இல்லை. சிடிஐ (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பெட்டி) போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதபடி மூடிய கறுப்புப் பெட்டி என்பதாலேயே எல்லாப் பழியும் சிடிஐ மேல் விழுகிறது. மழைக்குப் பிறகு ஸ்பார்க் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை கில் சுவிட்ச் (என்ஜினை நிறுத்தும் சுவிட்ச்), பிளக் கேப் (பிளக்கின் தலையில் செருகும் மூடி), மேக்னெட்டோ காயில் (காந்தம் சுற்றும்போது மின்சாரம் தரும் கம்பிச் சுற்று) மூன்றும்தான்.

சோதனையைச் சரியாகச் செய்யுங்கள். பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றிய நிலையில், கில் சுவிட்சை அமுக்கியபடி த்ராட்டிலை முழுதாகத் திறந்து என்ஜினைச் சுற்றினால் சிலிண்டரில் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். ஆவி கலைய சில நிமிடம் விடுங்கள். பிறகு நன்றாக வேலை செய்கிற, உலர்ந்த ஒரு பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு மரையை சிலிண்டர் ஹெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வையுங்கள். பிளக் துளைக்கு அருகில் வேண்டாம், அங்கே தீப்பிடிக்கும். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கிளட்ச் லிவரை விட்டுவிட்டு வேகமாக மிதியுங்கள். நிழலில் பார்த்தால் நீல நிறத்தில், சடசடவென்று பொறி தெரிய வேண்டும். பிளக் எங்கும் படாமல் தொங்க, சும்மா சுற்றிப் பார்க்கக் கூடாது. போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் சிடிஐயின் உள் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். நல்ல சிடிஐ இப்படியும் கெடுவதுண்டு.

பொறி இல்லையென்றால் முதல் வேலை, கில் சுவிட்ச் ஒயர்களை முழுதாகக் கழற்றிவிடுவது. என்ஜினிலிருந்து வரும் நீலம் சிடிஐயின் நீலத்தோடும், கறுப்பு கறுப்போடும் மட்டும் சேரட்டும். என்ஜினிலிருந்து வரும் மூன்றாவதான வெள்ளை ஒயர் எதையும் தொடாதபடி நுனியில் டேப் சுற்றுங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். உள்ளே ஈரமோ, கைப்பிடியில் நசுங்கிய ஒயரோ இருக்கும். சுவிட்சின் வேலையே நீலத்தைக் கறுப்போடு சேர்த்து ஸ்பார்க்கை அணைப்பது. ஈரமும் அதே வேலையைச் செய்யும், நீங்கள் அமுக்காமலே.

அடுத்து பிளக் கேப். கிட்டோடு வரும் கேப் ஒயருக்குள் திருகு போல ஏறுவது; அந்தப் பிடி சீக்கிரம் தளர்ந்துவிடும். கேப்பை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, ஒயரில் 5 மி.மீ. நறுக்கிவிட்டு, புதிய செம்பு தெரிய மறுபடி திருகுங்கள். பிளக்கின் தலையில் உள்ள சிறு நட்டையும் கவனியுங்கள். சில கேப்களுக்கு நட் வேண்டும், சிலவற்றுக்கு வெறும் மரை வேண்டும். பொருந்தாமல் செருகினால் உட்கார்ந்தது போலத் தெரியும், தொடர்பு இருக்காது.

கேள்வி: அதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. மேக்னெட்டோவை மீட்டரில் எப்படிச் சோதிப்பது?

பதில்: சிடிஐயிலிருந்து ஒயர்களைப் பிரித்த பிறகே அளக்க வேண்டும்; சேர்ந்திருந்தால் காட்டும் அளவு பொய். மீட்டரை 2000 ஓம் நிலையில் வைத்து நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தால், பெரும்பாலான கிட்களில் 300 முதல் 400 ஓம் வரை காட்டும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் சில ஓம்தான். நீலத்தில் எதுவுமே காட்டாவிட்டால் சுற்று அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட்.

உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். மேக்னெட்டோவின் வட்ட மூடியைக் கழற்றுங்கள். தலைமுடி போன்ற சுற்றுக் கம்பி தடித்த ஒயரோடு சேரும் ஈயப் பற்றவைப்பு இடத்தில்தான் அதிகம் அறுகிறது. நுனி வெளியே தெரிந்தால் கம்பியின் எனாமல் பூச்சை மெல்லச் சுரண்டி ஈயத்தால் பற்றவைத்துவிடலாம். ஒயர் வெளியேறும் துளை செயினுக்கு அருகில் இருப்பதால் அங்கே உராய்ந்து தோல் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காயில் இரும்பு உட்காரும் இடத்தில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். காந்தம் காயிலில் உரசாமல் சுற்ற வேண்டும். மூடும் முன் உள்ளே முழுக்க உலர்த்தி, ஒயர் துளையில் சிலிகான் பூசுங்கள். மழைநீர் நுழையும் வழி அதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்து, அளவும் சரியாக வந்து, அப்போதும் பொறி இல்லையென்றால் சிடிஐயை மாற்றலாம். அதை மீட்டரால் உறுதியாகச் சோதிக்க முடியாது. நல்லதொன்றை மாட்டிப் பார்ப்பதே சோதனை.

கேள்வி: குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடுகிறது. சூடானதும் ஸ்பார்க் போய் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

பதில்: காயில்மேல்தான் முதல் சந்தேகம். சூட்டில் கம்பி விரிந்து, விரிசல் விட்ட இடத்தில் விலகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஆற அமர அளந்தால் 350 ஓம் காட்டி ஏமாற்றும். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுமுன் அளக்க வேண்டும்.

கேள்வி: வெளியே வைத்தால் ஸ்பார்க் வருகிறது, மாட்டினால் என்ஜின் பிடிக்கவில்லை.

பதில்: அழுத்தப்பட்ட கலவையின் நடுவே பொறி பாய, திறந்த வெளியை விட அதிக மின்னழுத்தம் வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி உள்ளே தோற்றுவிடும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. இருக்கட்டும். என்ஜிகே பி6ஹெச்எஸ் வகை இந்த என்ஜின்களுக்குப் பொருந்தும்: 14 மி.மீ. மரை, 12.7 மி.மீ. நீளம். பொறி வலுவாக இருந்தும் பிடிக்காவிட்டால் காந்தத்தைத் தண்டோடு பூட்டும் பிறைச்சாவியைப் பாருங்கள். அது வெட்டுப்பட்டிருந்தால் காந்தம் நழுவி, பொறி தப்பான நேரத்தில் விழும்.

கேள்வி: வெள்ளை ஒயரில் விளக்கு எரிக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஒயரில் சுமை ஏற்றினால் ஸ்பார்க் மெலியும். விளக்குக்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.